ஒரே ஒரு புடிச்சேன்

என் மகள் பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து, மூன்று மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அந்த மூன்று மாதத்தில் பேத்தியை நான் தூக்கியது ஒரே ஒரு முறை. அதுவும் ஒரு நிமிடம் இருக்காது. அதன் பிறகு யார் கையில் கொடுக்க வந்தாலும், "கையில கிருமி இருக்கும்" என்று சொல்லி நழுவிக்கொண்டேன்.

பொன்னேரியில் எங்கள் தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கிருமி அங்கே பிரசித்தம். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். படிக்கிற ஆசையில் தேடிச் சேர்ந்த வேலை. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, நூலகப் புத்தகம் என்பது ஊரிலுள்ள எச்சில் எல்லாம் வரிசையில் வந்து வருகைப்பதிவு செய்கிற இடம் என்று. விரலை நாக்கில் தொடாமல் பக்கம் புரட்டும் மாணவன் இன்னும் பிறக்கவில்லை. தத்துவம், வரலாறு, தடித்தடியான ரஷ்ய நாவல்கள், எல்லாவற்றுக்கும் பாலித்தீன் உறை போட்டு, பக்கங்களை நகத்தால் தள்ளித் தள்ளித்தான் படித்தேன். மனித குலத்தின் மகத்தான சிந்தனைகள் யாவும் எனக்குள் நகம் வழியாக வந்து சேர்ந்தவை.

கொரோனா வந்த காலத்தில் எனக்குத் திடீர் மரியாதை வந்தது. கத்தரிக்காயை எப்படிக் கழுவுவது, தினசரியை எவ்வளவு நேரம் வெயிலில் போடுவது என்று பக்கத்து வீட்டார் என்னிடம் வந்து கேட்டார்கள். உலகமே என் வழிக்கு வந்துவிட்டது என்று கொஞ்சம் மிதப்பாகக்கூட இருந்தேன். பிறகு உலகம் கையைத் துடைத்துக்கொண்டு அதன் பழைய வழிக்கே போய்விட்டது. நான் மட்டும் குழாயடியில் நின்றேன்.

கிருமியோடு எண்ணிக்கையும் உண்டு. என் எண் நான்கு. கேஸ் அடுப்பை நான்கு முறை பார்க்க வேண்டும், பூட்டை நான்கு முறை இழுக்க வேண்டும், கையை நான்கு முறை கழுவ வேண்டும். ஏன் நான்கு என்று கேட்டால் பதில் கிடையாது. மூன்று என்றால் சாப்பாட்டில் பாதியில் எழுந்து வந்த மாதிரி இருக்கிறது. ஐந்து ஆடம்பரமாகத் தோன்றுகிறது. இழுத்து இழுத்து ஒரு பூட்டு கையோடு வந்துவிட்ட நாளில் என் மனைவி சொன்னாள்: "இன்னாங்க, திருடன் வந்து உடைக்க வேண்டிய பூட்ட நீங்களே உடைச்சிக் குடுத்துட்டீங்க. அவனுக்கு ஒரு போன் பண்ணி சொல்லிடுங்க."

எண்ணிக்கையால் கல்லூரிக்கு லாபம். தேர்வு வந்தால் விடைத்தாள் கட்டுகளை எண்ண என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தாள்கூடக் குறையாது. நோயைச் சம்பளத்தோடு சேர்த்து அனுபவிக்கிறவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மனைவி என்னைச் சென்னைக்கு ரயிலேற்றி ஒரு மனநல மருத்துவரிடம் கொண்டுபோய் உட்கார வைத்தாள். சின்ன வயதுப் பெண். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற ஏதாவது எண்ணம் வருமா சார்? வேணாம்னு நெனச்சாலும் வந்து நிக்கிற மாதிரி?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

பொய். கிருமியைச் சொன்னால் சிரிப்பார்கள், எண்ணிக்கையைச் சொன்னால் வேலை கொடுப்பார்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரயில் வரும்போது நடைமேடையில் எனக்கு முன்னால் நிற்கிற ஆளைப் பார்த்தால், 'தள்ளிவிட்டால்?' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். வேற்றுக் குரல் இல்லை, என் குரல்தான். நான் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அடித்ததில்லை. அடித்தால் அதன் கிருமி செருப்பில் ஒட்டும். ஆனாலும் அந்தக் குரல் வந்த நாளிலிருந்து, ரயில் நின்று கடைசி ஆள் ஏறும்வரை, இரண்டு கைகளையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு சுவரோரம் நிற்பதுதான் வழக்கம். பலர் அதை என் பண்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மருத்துவர் கொடுத்த மாத்திரையில் கை கழுவுகிற நேரம் பாதியாகக் குறைந்தது. சொல்லாத நோய்க்கு அவர் எப்படி மாத்திரை தருவார்? அது அப்படியே இருந்தது.

மருத்துவமனையிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்த அன்று மகள் அதை என் கையில் வைத்தாள். ஒரு பொட்டலம் மல்லிகைப்பூ கனம். காக்கை காட்டலாம் என்று மாடிக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் போனேன். கீழே தெரு தெரிந்தது. 'போட்டுவிட்டால்?' என்றது குரல்.

திரும்பி ஓடிவந்து, குழந்தையை மகள் மடியில் போடாத குறையாக வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய் நான்கு முறை கை கழுவினேன். எதைக் கழுவினேன் என்று எனக்கே தெரியாது. நிமிர்ந்தபோது மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என்ன புரிந்துகொண்டாள் என்பதற்கு ஒரு முன்கதை வேண்டும். நான் பழவேற்காடு ஏரியில், படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவன். பதினெட்டு வயதில் அந்தச் சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு பொன்னேரிக்கு வந்தவன். பண்டிகைக்கு ஒரு முறை போவேன், வந்ததும் அரை சோப்பு கரையும். என் மகள் பட்டம் வாங்கிவிட்டு, அதே குப்பத்தில் வலை போடுகிற ஒரு பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் தங்கமானவன். எனக்கும் தெரியும். இருந்தும் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "நான் முப்பது வருசமா கழுவி எடுத்த சேத்துல நீ திரும்பப் போயி வுழறியா?" என்று ஒரு நாள் கத்தினேன். அப்படிப்பட்ட வாசகங்களை நன்றாகப் படித்தவர்களால்தான் அமைக்க முடியும்.

ஆகவே அவள் கணக்கு சுலபமானது. சேற்றுப் பிள்ளை, நைனா தொட்டார், கழுவிவிட்டார்.

இரண்டு மாதம் பொறுத்திருந்தாள். ஒரு நாள் நேராகவே கேட்டாள். "நைனா, குப்பத்து புள்ளன்னுதானே தொட மாட்டேன்ற? சொல்லிடு. நான் ஒண்ணும் கோச்சிக்க மாட்டேன்."

"சேச்சே. கிருமிம்மா. கையில..."

"அதத்தான் நானும் சொல்றேன்."

நான் வாயைத் திறந்தேன். உன் பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று தோன்றுகிறது என்று ஒரு தாயிடம் எந்த ஊர்த் தமிழில் சொல்வது?

"மூணாவது மாசம் கொண்டுபோயி வுட்டுட்டீங்கன்னா, அப்பறம் நான் இங்க வர மாட்டேன்" என்றாள். "பாக்கணும்னா நீ வா. அந்த சேத்துலயே நடந்து வா."

அவள் அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னாடி பேச்சு இது" என்றாளே தவிர, என்னைப் பார்த்த பார்வையில் மகள் பக்கம்தான் இருந்தாள்.

குழந்தையை அப்பன் வீட்டில் கொண்டுபோய் விடுகிற நாள் வந்தது. வெயில் காலம். காலையில் திருப்பாலைவனம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் கம்பியை நான் தொடவில்லை. பழவேற்காட்டில் என் அண்ணன் படகோடு காத்திருந்தார். மருமகனும் வந்திருந்தான். குழந்தை மகள் மடியில் தூங்கிக்கொண்டு வந்தது. நான் படகின் மறு ஓரத்தில், மீன் தண்ணீர் தேங்காத ஒரு சாண் இடத்தைப் பிடித்து உட்கார்ந்து, படகில் இருந்தவர்களை உதட்டை அசைக்காமல் எண்ணினேன். அண்ணன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "டேய், படகுல தலைய எண்ணாதனு எத்தினி தபா சொல்றது? எல்லாம் இருக்கோம், வுடு."

முகத்துவாரம் மண் மூடியிருந்ததால் ஏரி வற்றிக் கிடந்தது. கரைக்குக் கொஞ்ச தூரம் முன்பே படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. இந்த மாதிரி நாட்களில் எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரையிலிருந்து ஆட்கள் இறங்கி, படகு வரைக்கும் முழங்கால் தண்ணீரில் கை எட்டுகிற தூரத்துக்கு ஒருவராக வரிசை கட்டி நிற்பார்கள். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கைக்குழந்தை, நடக்க முடியாத கிழவர்கள் எல்லாம் கைமாறிக் கைமாறித்தான் கரையேறும். தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்தால் சேறு காலை வாரிவிடும்.

அந்த வரிசைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. வாங்குகிறவன் "புடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகுதான் கொடுக்கிறவன் கையை விடுவான். கண்ணை நம்பக்கூடாது. பளபளக்கிற தண்ணீரில் கண் கூசும், ஆளுக்கு ஆள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொல்வது ஒரு முறைதான். இரண்டாவது முறை சொன்னால் 'நழுவுகிறது, ஓடி வா' என்று அர்த்தம். அதைக் கேட்டால் வரிசையில் நிற்கிற எல்லோரும் கையில் இருப்பதை விட்டுவிட்டுப் பாய்வார்கள். யோசிக்க மாட்டார்கள். யோசித்தால் பொருள் போய்விடும்.

இந்தச் சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் மகள் கல்யாணத்தில் ஒரு தவறைச் செய்தேன். அன்றைக்கும் ஏரி வற்றியிருந்தது, நானும் வரிசையில் நின்றேன். பந்திக்கு வாங்கிய தயிர் ஒரு பெரிய அண்டா நிறைய வந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் நீட்டினார். "புடிச்சேன்" என்றேன். சரியாகப் பிடித்தேனா? நிச்சயமில்லை. எனக்கு எதுவுமே நான்காவது முறைதான் நிச்சயமாகும். "புடிச்சேன், புடிச்சேன், புடிச்சேன்."

முன்னால் இருந்து இரண்டு பேர், பின்னால் இருந்து மூன்று பேர், படகிலிருந்து என் அண்ணன், எல்லோரும் ஒரே நேரத்தில் என் மேல் பாய்ந்தார்கள். அண்டா கவிழ்ந்தது. பழவேற்காடு ஏரியில் ஓரிடம் மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பந்தியில் மோர் இல்லை. அன்றிலிருந்து குப்பத்தில் எனக்கு மோர்க்காரர் என்று பெயர். நூலகர் என்று சொன்னால் அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

இப்போது மறுபடி வரிசை கட்டினார்கள். மனைவி சீர்த்தட்டோடு முதலில் இறங்கிக் கரைக்குப் போய்விட்டாள். அங்கே சம்பந்தியம்மா ஆரத்தியோடு நின்றார். என்னை யாரும் வரிசையில் கூப்பிடவில்லை. நானும் அப்படியே நடந்து கரையேறியிருக்கலாம். ஆனால் கால்சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். இடது கால் நான்கு மடிப்பு, வலது கால் நான்கு மடிப்பு, இரண்டும் சமமாக இல்லை, மறுபடி. அதற்குள் எல்லோரும் இறங்கி இடம் பிடித்துவிட்டார்கள். நான் இறங்கியபோது மிச்சமிருந்த இடம் படகுக்குப் பக்கத்தில் இருந்த முதல் இடம். எனக்கு அடுத்து அண்ணன்.

"யோவ், மோர்க்காரரு முன்னால நிக்கறாருயா! எல்லாம் உஷாரு!" என்று வரிசையின் நடுவிலிருந்து ஒருவர் கூவினார்.

"இன்னிக்கு தயிர் இல்லபா, தைரியமா நில்லு" என்றார் இன்னொருவர்.

படகில் நின்ற மருமகன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். துணிப்பை. புடிச்சேன். தொட்டில் கம்பி. புடிச்சேன். பால்பவுடர், நாப்கின் நிறைந்த அட்டைப்பெட்டி. புடிச்சேன். உரக்க ஒன்று, மிச்சம் மூன்றை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். சேறு விரலிடுக்கில் ஏறியது. அதில் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது, ஆனால் அதை நினைக்க நேரமில்லை.

சாமான் தீர்ந்தது. மகள் குழந்தையோடு படகு விளிம்புக்கு வந்தாள். என் தலைக்கு மேலாகப் பார்த்தாள்.

"பெரிப்பா, நீ கிட்ட வா."

அண்ணன் ஓரடி எடுத்து வைக்கப் பார்த்தார். முடியவில்லை. "அட இன்னாடா இது, காலு மாட்டிக்கினுச்சி. உங்க நைனா பக்கத்துலதான நிக்கறான், அவன்கிட்ட குடு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். நீட்டினேன் என்பதைவிட, வரிசையில் நிற்கிறவனுக்குக் கை நீள்வது பழக்கம் என்று சொல்வதே சரி.

"குடும்மா."

"கையி கழுவலியே நைனா."

"குடு" என்றேன்.

கொடுத்தாள். ஆனால் விடவில்லை. காதால் கேட்கக் காத்திருந்தாள்.

"புடிச்சேன்" என்றேன்.

விட்டாள். குழந்தை மூன்று மாதத்தில் நன்றாகக் கனத்திருந்தது. காலடியில் சேறு, சுற்றிலும் தண்ணீர். அதற்காகவே காத்திருந்த மாதிரி குரல் வந்தது. 'போட்டுவிட்டால்?' தெளிவாக, என் சொந்தக் குரலில். கூடவே இரண்டாவது புடிச்சேன் தொண்டைக்கு வந்து நின்றது. அதைச் சொன்னால் ஏழெட்டுப் பேர் பாய்வார்கள். இந்த முறை கையில் இருப்பது தயிர் இல்லை.

சொல்லவில்லை. உரக்கவும் சொல்லவில்லை, வாய்க்குள்ளும் சொல்லவில்லை. வாய்க்குள் சொல்லியிருப்பேன், அதற்குள் என் சட்டையில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. நெஞ்சிலிருந்து தொப்புள் வரைக்கும். என் பேத்தி தாத்தாவின் கிருமி அச்சத்துக்குத் தன் பங்கைச் செலுத்தியிருந்தாள். நான் எண்ணிக்கையில் எங்கே இருந்தேன் என்பது மறந்துபோயிற்று.

அண்ணன் ஒருவழியாகக் காலை உருவிக்கொண்டு கையை நீட்டினார். "குடுடா."

"வேணாம்ணே. நானே கொண்டாறேன்."

"சேறுடா."

"தெரியும். நான் பொறந்த சேறுதான்."

கரை வரைக்கும் வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகக் கடந்து நடந்தேன். யாரும் கேலி செய்யவில்லை, ஆனால் நான் கடக்கும்போது எல்லாருடைய கைகளும் கொஞ்சம் முன்னால் வந்து, நான் போன பிறகு இறங்கின. குரல் முழு வழியும் கூடவே வந்தது. அடிக்கு ஒரு முறை கேட்டது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அடுத்த காலை எங்கே வைப்பது என்று பார்க்கவே கவனம் போதவில்லை. கரையில் ஆரத்தி சுற்றினார்கள். குழந்தையைச் சம்பந்தியம்மா கையில் கொடுத்தேன். அவர் வரிசையில் நிற்கிறவர் இல்லை, ஆனாலும் குப்பத்துப் பெண். "புடிச்சேன் அண்ணே" என்றார். விட்டேன்.

பிறகு சம்பந்தி வீட்டுப் பின்புறம் தண்ணீர் டிரம் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே நல்ல தண்ணீர் விலைக்கு வருகிறது. நான்கு முறை கழுவினால் ஒரு வீட்டின் சமையலைக் கழுவிவிடுவேன். மகள் மக்கோடு வந்தாள்.

"நீட்டு. ரெண்டு மக்குதான். அதுக்கு மேல கெடையாது."

நீட்டினேன். ஊற்றினாள். என் சட்டையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அன்னிக்கு மாடியிலேர்ந்து ஓடியாந்து கழுவினது புள்ளய தொட்டதுக்கு இல்லம்மா."

"பின்ன இன்னாத்துக்கு?"

"செவுத்தாண்ட நின்னப்ப, கீழ போட்டுட்டா இன்னா ஆவும்னு ஒரு நெனப்பு வந்துச்சி. நான் போடணும்னு நெனைக்கல. அதுவா வந்துச்சி. பயந்துட்டேன். அதான் அப்பறம் தொடல."

மக் அவள் கையில் சாய்ந்து, மிச்சத் தண்ணீர் மண்ணில் கொட்டியது. திட்டப் போகிறாள், அல்லது குழந்தையைப் பார்க்க உள்ளே ஓடப் போகிறாள் என்று நினைத்தேன். இரண்டும் நியாயம்தான்.

"இப்பவும் வந்துச்சா? தண்ணில?"

"வந்துச்சி."

"ஆனா போடல."

"போடல."

டிரம்மின் மூடியைத் திருகி மூடினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கும் வருது நைனா. பத்தாவது நாள்ல இருந்து. தண்ணி ஊத்தறப்ப, கைய வுட்டுட்டா மூழ்கிடுவாளேனு. பேய் புடிச்சிக்கினுச்சினு நெனச்சேன். அதான் அம்மாவே குளிப்பாட்டட்டும்னு வுட்டுட்டேன்."

மூன்று மாதமும் குழந்தையை என் மனைவிதான் குளிப்பாட்டினாள். அந்த நேரத்தில் மகள் வாசல் படியில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருப்பாள். என்ன சோம்பேறித்தனம் என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன். பக்கத்து அறையில் நான், கையைப் பையில் விட்டுக்கொண்டு. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பயத்தை ஆளுக்கு ஒரு மூலையில் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். நான் முதல் மாதமே சொல்லியிருந்தால் அவளுக்குப் பேய் பிடித்திருக்காது.

"அந்த டாக்டரம்மாகிட்ட இத்த சொன்னியா?"

"இல்ல."

"வியாதிய சொல்லாம மாத்திர சாப்ட்டியா? படிச்ச மனுசன்." தலையில் அடித்துக்கொண்டாள். "செவ்வாக்கெழம வர்றேன். ரெண்டு பேரும் போயி சொல்லிட்டு வரலாம்."

"நீதான் இனிமே வர மாட்டேன்னு சொன்ன."

"அது கோவத்துல சொன்னது. பாப்பாவயும் தூக்கிக்கினு வருவேன். ரயில்ல நான் வச்சிக்கறேன். ஸ்டேஷன் பாலத்துல ஏறி எறங்கறப்ப நீ தூக்கிக்கோ. இடுப்பு வலி எனக்கு."

"பாலத்துலயா?" உயரம். கீழே தண்டவாளம். அந்தப் பாலத்தை நான் ஓரம் போகாமல் நடுவிலேயே, பையில் கையோடு கடக்கிறவன்.

"இன்னா? முப்பது படிதானே. எண்ணிக்கினே ஏறு, உனக்கும் பொழுது போவும்."

முப்பது இல்லை, முப்பத்திரண்டு. ஏறவும் இறங்கவும் பல வருடமாக எண்ணி, ஒவ்வொரு முறையும் சரிபார்த்து வைத்திருக்கிற எண். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"சரிம்மா" என்றேன். திருத்தவில்லை.